திருகோணமலைக்குப் போன மூத்தார்

செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை தேவநாதச் செட்டியாரைப் பற்றிக் குறை சொல்ல ஆள் தேடினால் கிடைக்காது. எடையில் கை வைக்க மாட்டார். ஓட்டைக் குடத்துக்கு ஈயம் பூசி நல்ல குடம் என்று தலையில் கட்ட மாட்டார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வீட்டுக்காரர்கள் சீர்ப்பாத்திரம் எடுக்க வந்தால், உட்காரவைத்து மோர் கொடுத்து அனுப்புவார். இதையெல்லாம்விட அவருக்குப் பெரிய பெயர் வாங்கித் தந்தது வேறொன்று. தம்பி பெண்டாட்டி ஞானம்பாளை, பிள்ளை குட்டி இல்லாத விதவையை, இருபது வருஷத்துக்கு மேலாகத் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போடுகிறார். "செட்டியாரைப் போல ஒரு மூத்தார் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்" என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் செட்டியார் தராசைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏன் என்று ஊருக்குத் தெரியாது.

மூத்தார் என்றால் புருஷனுக்கு அண்ணன். அந்த வீட்டு வழக்கப்படி தம்பி மனைவி மூத்தாருக்கு எதிரே நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. அவர் கூடத்துக்கு வந்தால் அவள் உள்ளே போய்விட வேண்டும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று, ஓரகத்தியிடம் சொல்வதைப் போலச் சொல்ல வேண்டும். ஞானம்பாள் வாழ வந்த நாள் முதல் அந்த வழக்கத்தை ஒரு நூல் பிசகவில்லை. செட்டியார் அவள் குரலை அறிவார். ஆனால் அந்தக் குரல் ஒருநாளும் அவரை நோக்கி வந்ததில்லை.

ஊரார் அதை மரியாதை என்றார்கள். செட்டியாருக்கு மட்டும் சந்தேகம். மரியாதைக்காகப் பேசாத வாயும் கோபத்தில் பேசாத வாயும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும். இது எது என்று தெரிந்துகொள்ள அவருக்கு வழியே இல்லை. கோபமாக இருந்தால் அதற்கு நியாயம் உண்டு என்பதை அவர் மனசு அறியும். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

யுத்த காலத்தில் நடந்தது அது. பித்தளையெல்லாம் தோட்டா செய்யப் போய்விட்டது. கடையில் பழைய சொம்பும் ஈயக் கரண்டியும்தான் தொங்கின. தம்பி ஆதிநாராயணன்தான் பாத்திரங்களில் பேர் வெட்டுகிறவன். சிற்றுளியை வைத்துத் தட்டினான் என்றால் எழுத்து முத்து முத்தாக விழும். பாத்திரமே இல்லாத கடையில் யார் பேரை வெட்டுவது? "பட்டணத்துல கப்பலுக்கு ஆள் எடுக்கறாங்கண்ணா, கரி தள்ற வேலையாம், போய்ட்டு வரட்டுமா?" என்று கேட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவனை எந்த அண்ணனும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். விற்க ஒன்றுமில்லாத கடைக்கு இரண்டு ஆள் எதற்கு என்று செட்டியாருக்கும் உள்ளூர ஒரு நினைப்பு. "பாத்துப் போய்ட்டு வா" என்றதோடு சரி.

நாற்பத்திரண்டாம் வருஷம் பங்குனிக் கடைசியில், இலங்கையில் திருகோணமலைத் துறைமுகத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். சித்திரை பிறந்து கொஞ்ச நாளில் தந்தி வந்தது. ஆதிநாராயணன் வேலை பார்த்த சரக்குக் கப்பல் எரிந்துவிட்டது, அவனைக் காணவில்லை என்று இருந்தது. செத்தான் என்று அதில் இல்லை. காணவில்லை என்றுதான் இருந்தது.

செட்டியாரின் ஒரே மகள் மீனம்பாளுக்கு அப்போது அனந்தபுரத்தில் பரிசம் போட்டு, ஆனி மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தி சுந்தரமூர்த்தி துக்கம் விசாரிக்க வந்தார். விசாரித்துவிட்டு மேல்துண்டை மடித்து மடித்து வைத்தபடி சொன்னார்:

"தப்பா நினைக்காதீங்க. சாவுன்னா சாவுன்னு சொல்லிடுங்க. காரியத்த முடிச்சிட்டுக் கல்யாணத்த வச்சிக்கலாம். வருஷத்துக்குள்ள ஒரு நல்லது நடந்தா நல்லதுதான். இருக்கறாருன்னா அதுக்கும் சரி. ரெண்டுங்கெட்டானா இருந்தா எங்க வூட்டுப் பொம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க. வேற எடம் பாக்கச் சொல்றாங்க."

புரோகிதர் வேறு மாதிரி சொன்னார். உடலைக் கண்ணால் பார்க்காதவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும், அதற்குள் காரியம் செய்வது முறையில்லை என்றார். செட்டியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யுத்தத்துல போனவனுக்குப் பன்னெண்டு வருஷமா சாமி? எரிஞ்ச கப்பல்ல எவன் தப்பிப்பான்?" என்றார். புரோகிதர் பஞ்சாங்கத்தைப் பிரித்து நாள் பார்த்தார்.

அன்றைக்குத்தான் கதவுக்குப் பின்னாலிருந்து ஞானம்பாள் குரல் வந்தது. அவள் பேசியது செட்டியாரின் மனைவி வள்ளியம்மையிடம். கேட்க வேண்டியவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, ஒரே ஒரு தடவ நேர்ல போய்ப் பாத்துட்டு வரச் சொல்லுக்கா. காணோம்னுதான போட்டிருக்குது. பாத்துட்டு வந்து மூத்தாரு இன்னா சொன்னாலும் நான் கேட்டுக்கறேன்."

செட்டியாரும் மனைவியைப் பார்த்தே பதில் சொன்னார். "பட்டணமே காலியாகி நம்ம ஊர்ல வந்து குந்திக்கினு இருக்குது. ஜப்பான்காரன் கடல்ல நிக்கறான். நானும் போய்ச் சாவட்டுமா?"

அதில் பொய் ஒன்றும் இல்லை. சென்னையிலிருந்து மூட்டை முடிச்சோடு ஓடிவந்த குடும்பங்கள் செஞ்சியில் மாட்டுக்கொட்டகைக்கும் வாடகை கொடுத்தார்கள். ஆனால் தனுஷ்கோடிக்கு ரயில் போகிறதா, அங்கிருந்து கப்பல் போகிறதா என்று திண்டிவனம் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். அதைக்கூட அவர் கேட்கவில்லை. உயிர்ப் பயம் பாதி. மகள் கல்யாணம் நின்றுவிடுமோ என்ற பயம் மீதி. இரண்டாவது பயத்தை மூட முதலாவது வசதியாக இருந்தது.

சங்கராபரணி ஆற்றங்கரையில் தர்ப்பைப் புல்லால் ஓர் ஆள் உருவம் செய்து, அதற்குத் தம்பியின் வேட்டியைச் சுற்றி, செட்டியாரே கொள்ளி வைத்தார். புல் என்பதால் சடசடவென்று எரிந்து முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் ஞானம்பாளுக்குத் தாலி வாங்கினார்கள். அவளுக்கு வயசு பதினெட்டு. அவள் அழுது புரளவில்லை. எதற்கும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனி மாதம் மீனம்பாள் கல்யாணம் மேளதாளத்தோடு நடந்தது. ஞானம்பாள் பின்கட்டில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு அரசாங்கத்திடமிருந்தும் கப்பல் கம்பெனியிடமிருந்தும் எந்தச் சேதியும் வரவில்லை. சேதி வராததையே செட்டியார் சேதியாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் தம்பிக்குத் தெவசம் கொடுத்தார். தெவசச் சமையல் முழுக்க ஞானம்பாள் கையால்தான். வாழைக்காய் வறுவலில் உப்பு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. சாப்பிட உட்காரும்போது அவருக்குத் தொண்டையில் இறங்காது. அன்றைக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால் இந்தச் சோறு இறங்கியிருக்கும் என்று தோன்றும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. மீனம்பாளுக்குப் பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள். செட்டியாருக்கு அறுபது தாண்டிச் சர்க்கரை வியாதி வந்தது. அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில், திண்டிவனத்திலிருந்து ஒரு யாத்திரைக் குழு புறப்படுவதாகக் கேள்விப்பட்டார். திருகோணமலையில் கோணேசர் கோயிலைப் புதுப்பித்துக் கும்பாபிஷேகம் செய்கிறார்களாம். பாஸ்போர்ட்டு முதற்கொண்டு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். அன்று சாப்பிடும்போது செட்டியார் மனைவியிடம், "ஒரு தடவ போய்ட்டு வந்துடலாம்னு பாக்கறேன்" என்றார். வள்ளியம்மை, "எனக்கு முட்டி மடங்கல, நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து உள்ளே போய் வந்து, "ஞானமும் வராளாம்" என்றாள்.

தாலி வாங்கிய பிறகு அந்தப் பெண் அந்த வீட்டில் வாய்திறந்து கேட்ட முதல் காரியம் இதுதான். செட்டியார் அன்று கடைக்குப் போய், மேல்மலையனூர்க்காரர் குடத்தில் வேறு யாரோ வீட்டுப் பேரை வெட்டச் சொல்லிவிட்டு, பிறகு அவர்கள் வாயில் விழுந்து எழுந்தார்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் நின்று, ஞானம்பாள் காதில் விழும்படி, 'அந்தக் கப்பலில் இருந்தவர்கள் அந்த நிமிஷமே போய்விட்டார்கள்' என்று யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் தான் செய்தது அவசரமில்லை என்றாகிவிடும். தம்பி செத்தது மறுபடி உறுதியாக வேண்டும் என்று ஓர் அண்ணன் கடல் கடந்து போனான் என்றால் கேட்கிறவர்கள் காறித் துப்புவார்கள். ஆனாலும் உண்மை அதுதான்.

கும்பாபிஷேகம் கூட்டமும் நெரிசலுமாக நடந்து முடிந்தது. மறுநாள் காலையில் குழுவோடு வந்தவர்கள் வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போனார்கள். செட்டியார் ஞானம்பாளை அழைத்துக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் போனார். அழைத்துக்கொண்டு என்றால், அவர் முன்னால் நடந்தார், பத்தடி தள்ளி அவள் வந்தாள். படகுத்துறையில் நின்றவர்களிடம், "குண்டு போட்ட அன்னைக்கு இங்க இருந்தவங்க யாராச்சும் உண்டா?" என்று விசாரித்தார். எல்லோரும் ஒரே ஆளைக் காட்டினார்கள். நாற்பது வயசிருக்கும், கறுத்து இறுகிய உடம்பு. கப்பல் எரிந்த இடத்தைப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களைத் தன் படகில் கூட்டிப் போவது அவர்தானாம்.

படகில் ஞானம்பாள் முன்பக்கம் ஏறி, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, செட்டியாருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செட்டியார் நடுவில் உட்கார்ந்தார். மடியில் மஞ்சள் பை. அதற்குள் எள்ளும் தர்ப்பையும் ஒரு சின்னச் சொம்பும் இருந்தன. சுற்றிலும் பச்சைக் குன்றுகள். நடுவில் தண்ணீர் ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. யுத்தம் நடந்த இடம் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

கொஞ்ச தூரம் போனதும் படகுக்காரர் துடுப்பை நிறுத்திக் கையால் காட்டினார். "கப்பல் உதிலதான் நிண்டது. காலமை, விடிஞ்சு கொஞ்ச நேரம். பிளேன் கூட்டமா வந்தது. கப்பலுக்குள்ள வெடிமருந்து, பத்திப் பிடிச்சிட்டுது. நிண்டு நிண்டு எரிஞ்சது."

"உள்ள இருந்தவங்க எல்லாரும் அப்பவே போயிட்டாங்க, இல்ல?" என்றார் செட்டியார். கேட்கும்போதே, ஆமாம் என்று சொல்லச் சொல்லி வேண்டுவதைப் போலத் தானே தலையை ஆட்டினார்.

"இல்லை ஐயா. கனபேர் குதிச்சு நீந்தி வந்தவை. எரிகாயத்தோட வந்த ஆக்களை நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போனது. நான் அப்ப ஆஸ்பத்திரியில தண்ணி அள்ளிக் குடுக்கிற வேலை. சிலபேர் கனநாள் கிடந்தவை." படகுக்காரர் துடுப்பை மறுபடி தண்ணீரில் வைத்தார். "நீங்கள் எந்த ஊர்?"

"செஞ்சி."

துடுப்பு நின்றது.

"மூண்டு மலைக்கு மேல கோட்டை, கீழ கடைத்தெரு, அந்த ஊரோ?"

"அதேதான்," என்றார் செட்டியார்.

"நாராயணன் எண்டு ஒருத்தர் கிடந்தவர். முகம், கை எல்லாம் காயம். ஊரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கே அந்தக் கோட்டை கண்ணுக்குள்ள நிக்கும். பாத்திரங்களில பேர் வெட்டுறவராம். கை போனதுதான் அவருக்குப் பெரிய கவலை. எழுத ஏலாது. அவர் சொல்லச் சொல்ல ஒரு நேர்ஸ் கடிதம் எழுதிப் போட்டவ. யுத்த நேரம், எது எங்க போச்சுதோ ஆருக்குத் தெரியும். அண்ணர் வருவார், அண்ணர் வருவார் எண்டுதான் ஒவ்வொரு நாளும். றெயில் வாற நேரத்துக்கு என்னை ஸ்டேஷனுக்குத் துரத்துவார். 'குள்ளமா இருப்பாரு, நெத்தியில நாமம், மஞ்சப் பை வச்சிருப்பாரு, அழைச்சிக்கினு வா' எண்டு உங்கட ஊர்ப் பேச்சிலதான் சொல்லுவார். நானும் போய் நிண்டு பார்த்திட்டு வருவன். இண்டைக்கு வரேல்லை எண்டு சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கும்."

சொல்லிக்கொண்டே வந்தவர் செட்டியாரின் நெற்றியைப் பார்த்தார், மடியில் இருந்த பையைப் பார்த்தார். அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

"எப்போ..." என்றார் செட்டியார். "எப்போ போனான்?"

"தீபாவளிக்குக் கிட்ட."

தீபாவளி என்றால் ஐப்பசி. சித்திரையில் புல்லை எரித்தாயிற்று. ஆனியில் பந்தல் போட்டு, சம்பந்திகளை வாசலில் நின்று வரவேற்று, வாய் கொள்ளாமல் சிரித்தாயிற்று. அந்தச் சிரிப்பு செட்டியாருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அன்றும் தம்பி ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பியிருப்பான். ஒரு நடை. ஒரே ஒரு நடை. அவள் கேட்டது அவ்வளவுதானே.

முன்னால் உட்கார்ந்திருந்த ஞானம்பாள் திரும்பினாள். முக்காடு சரிந்திருந்தது. அதை அவள் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. படகுக்காரரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ரொம்ப வலிச்சிதா அவருக்கு?"

"முதல்ல இருந்தது அம்மா. கடைசியில இல்லை."

"கடைசியில யாரு பக்கத்துல?"

"நான் நிண்டனான்."

"யாரு கொள்ளி வச்சது?"

படகுக்காரர் தயங்கினார். "நான்தான் அம்மா. வேற ஆக்கள் இல்லைத்தானே."

ஞானம்பாள் இரண்டு கையையும் கூப்பி அந்த மனிதரைக் கும்பிட்டாள். அப்போதுதான் அழுதாள். இருபது வருஷத்து அழுகை. சத்தம் போட்டு, குன்றில் மோதித் திரும்பிவரும்படி அழுதாள். தாலி வாங்கிய அன்று ஏன் அழவில்லை என்று செட்டியாருக்கு இப்போது விளங்கியது. அவள் அன்றைக்கு நம்பவில்லை. நம்பாமல்தான் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். அவள் நினைத்ததுதான் சரி.

என்ன செய்வதென்று தெரியாமல் செட்டியார் பையைத் திறந்தார். எள்ளை எடுத்து, சொம்பில் கடல்நீரை மொள்ளக் குனிந்தார்.

"போடாத," என்றாள் ஞானம்பாள்.

அவர் நிமிர்ந்தார். அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கண்ணை அவர் பார்த்தார்.

"நீ போட்ட எள்ளு போதும்."

நீ என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கதவுக்குப் பின்னால்கூட மூத்தாரு என்று மட்டுமே சொன்ன வாய். அவள் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தது கோபத்தால் அல்ல, மரியாதையால்தான் என்று செட்டியாருக்கு அந்தக் கணத்தில் தெரிந்தது. அவர் தெரிந்துகொள்ளத் தவித்த விஷயம் அது. தெரிந்தபோது அந்த மரியாதை போயிருந்தது. எள் அவர் உள்ளங்கை வேர்வையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் அவரிடம் பேசினாள். சண்டையாக இல்லை. யாரோ வழியில் வந்த ஆளிடம் பேசுவதைப் போலப் பேசினாள். "கொஞ்சம் நவுரு, காத்து வரட்டும்" என்றாள். தலைமன்னாரில், "தண்ணி வாங்கிக்கினு வா" என்று சொம்பை நீட்டினாள். யாத்திரைக்கு வந்த பெண்கள் மோவாயில் கை வைத்தார்கள். செட்டியார் மறுபேச்சில்லாமல் போய்த் தண்ணீர் வாங்கி வந்தார். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காலில் விழுந்துவிடலாம் என்றுகூட இரண்டு தடவை நினைத்தார். விழுந்தாலும், எழுந்திரு, ரயில் வந்துவிட்டது என்றுதான் அவள் சொல்வாள் என்று தோன்றியது.

செஞ்சிக்கு வந்து சேர்ந்தபோது வள்ளியம்மை வாசலிலேயே ஆரத்தித் தட்டோடு நின்றாள். செட்டியார் கால் கழுவிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். வள்ளியம்மை இலை போட்டாள். ஞானம்பாள் உள்ளே போகவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து, செட்டியாருக்கு எதிரே நின்று, "சக்கரைக்கு மாத்திர சாப்டியா நீ?" என்றாள்.

வள்ளியம்மை கையிலிருந்த சோற்றுக்கரண்டி அப்படியே நின்றது. "ஏண்டி ஞானம், உனக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? மூத்தாரு எதிருல நின்னுக்கினு, நீ வான்னு பேசறே?"

"எனக்கு ஏதுக்கா மூத்தாரு?" என்றாள் ஞானம்பாள். குரல் உயரவே இல்லை. "அவருக்குக் கூடப்பொறந்த அண்ணன்னு ஒருத்தரு இருந்திருந்தா, ரயிலேறிப் போய்ப் பாத்திருக்க மாட்டாரா?"

வள்ளியம்மை ஒன்றும் புரியாமல் புருஷனைப் பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். செட்டியார் இலையைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையை அசைத்தார்.